ஊருக்கு நீர் அளித்தவர்: சர் எம். விசுவேசுவரய்யா

நாடாண்ட மன்னரையும் போர் வென்ற தளகர்த்தரையும் உலகம் எளிதில் மறப்பதில்லை. அவர்களுக்குச் சிலைகளும் ஸ்தம்பங்களும் உண்டு. ஆனால் ஒரு நகரத்தில் விடியற்காலையில் குழாயைத் திறந்தவுடன் தெளிந்த நீர் வருமாயின், அந்நீர் எங்கிருந்து வந்தது, அதனைக் கொணர்ந்தவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. திருவள்ளுவர் கடவுளை வாழ்த்திய பின்னர், வேறொன்றையும் கூறுமுன், வான்சிறப்பைக் கூறினார். நீரின் அருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும், வானம் தரும் நீரை நோயற்ற நீராக்கி, எளியவன் வாயிலிலும் நாள்தோறும் தவறாது கிடைக்கச் செய்வது தனியொரு கலையாகும். அக்கலையில் தேர்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் மாணவ நண்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா என்றவுடன் காவிரிக்குக் குறுக்கே எழுந்த கிருஷ்ணராஜ சாகர அணையே பலர் நினைவுக்கு வரும். மைசூர்த் திவான் என்றும், 1955-ஆம் ஆண்டில் பாரத ரத்னம் பெற்றவர் என்றும் அவரை அறிந்தோர் பலர். அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15-ஐ இந்தியாவில் இஞ்சினீயர்கள் தினமாகவும் கொண்டாடுகின்றனர். ஆயினும் பேரணைகள் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பேர் அறியாத இளம் உத்தியோகஸ்தராக இருந்தபோது, சிந்து நதியின் மணலில் அவர் வெட்டுவித்த ஒரு கிணற்றைப் பற்றி அறிந்தோர் சிலரே. அக்கிணற்றையும், அதனைத் தொடர்ந்து அவர் பல ஊர்களுக்குச் செய்த நீர்ப்பணியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

விசுவேசுவரய்யா 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மைசூர் சமஸ்தானத்தில் சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் தெலுங்கு நாட்டிலுள்ள மோக்ஷகுண்டம் என்னும் ஊரினின்று குடிபெயர்ந்தவர்கள். தந்தையார் சீனிவாச சாஸ்திரியார் வடமொழியில் வல்லவர். கல்விச் செல்வம் நிறைந்த அக்குடும்பத்தில் பொருட்செல்வம் குறைந்தே இருந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த சிறுவர், தாயாரின் ஊக்கத்தாலும் தாய்மாமன் ஆதரவாலும் படிப்பைத் தொடர்ந்தார்.

சிக்கபள்ளாபுரத்தில் தொடக்கக் கல்வி முடித்தபின் அவர் பெங்களூர் சென்ட்ரல் கலாசாலையில் சேர்ந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அதனால் வந்த வருவாயைக்கொண்டு தாமும் கற்றார். அந்நாளில் அக்கலாசாலை சென்னைச் சர்வகலாசாலையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே 1881-இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டம் சென்னைச் சர்வகலாசாலையின் பட்டமேயாம். பின்னர் மைசூர் அரசாங்கத்தார் அளித்த உபகாரச் சம்பளத்துடன் பூனா நகர விஞ்ஞானக் கலாசாலையில் இஞ்சினீயர் கல்வி பயின்று, 1883-ஆம் ஆண்டுப் பரீட்சையில் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் ராஜதானியின் மராமத்து இலாகாவில் உதவி இஞ்சினீயராக அமர்ந்தார். நாசிக், கான்தேசம் முதலிய இடங்களில் சில ஆண்டுகள் பணி புரிந்து, ஆறுகளின் இயல்பையும் மண்ணின் இயல்பையும் கண்ணாரக் கண்டு பயின்றார்.

சிந்து நதிக்கரையில்

அக்காலத்தில் சிந்து மாகாணம் பம்பாய் ராஜதானியைச் சேர்ந்திருந்தது. அம்மாகாணத்தில், இன்று பாகிஸ்தானத்தில் அடங்கிய சுக்கூர் என்னும் நகரம் சிந்து நதியின் கரையில் உள்ளது. வெயிலின் கொடுமைக்கும் மழையின்மைக்கும் பேர்போன நாடு அது. 1894-ஆம் ஆண்டில் அந்நகருக்குக் குடிநீர் அமைத்துக்கொடுக்கும் பொறுப்பு விசுவேசுவரய்யாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

மாபெரும் நதி வாயிலிலேயே ஓடும்போது ஒரு நகருக்குத் தண்ணீர்க் கவலை ஏன் என்று வினவலாம். நீர் இருந்தது, குடிக்கத்தக்க நீர் இல்லை. இமயத்தினின்று இறங்கி நெடுந்தூரம் ஓடிவரும் சிந்து, வண்டலையும் நுண்மணலையும் சுமந்து கலங்கியே வரும். ஆற்றுநீரைக் கரையிலுள்ள குன்றின் மேலுள்ள தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய்களின் வழியே ஊருக்குள் விடுவது எளிய செயலே. ஆனால் கலங்கல் நீரை ஏற்றினால் கலங்கல் நீரே வீடு சேரும். அதனைத் தெளிவிப்பதற்கு மேனாட்டு நகரங்களில் மணற்படுகைத் தொட்டிகளைக் கட்டியிருந்தனர். 1829-இல் லண்டன் செல்ஸீ நீர்நிலையத்தார் அத்தகைய படுகைகளை அமைத்தது முதல் அம்முறை எங்கும் பரவிற்று. ஆயின் அத்தொட்டிகளுக்குப் பரந்த நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும், மேல்மணலை அவ்வப்போது சுரண்டிக் கழுவ ஆட்கள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். சுக்கூர் நகரசபையோ ஏழை; வடிகட்டும் தொட்டிகளைக் கட்டும் ஆற்றல் அதற்கில்லை.

இவ்விடத்தில் நம் மாணவர்கள் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். வடிகட்டுதல் அந்நாளில் வெறும் அலங்காரச் செலவன்று. பேராசிரியர் ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டு அந்நோயின் வழியை உறுதிப்படுத்தியிருந்தார். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டியே அமைந்த அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த எல்பு ஆற்று நீரையே குடித்தபோதிலும், அந்நீரை மணலில் வடித்துக் குடித்தமையால் பெரும்பாலும் தப்பிற்று. ஒரே ஆறு, ஒரே பருவம், இடையே நின்ற மணலே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நின்றது. இந்நிகழ்ச்சி நடந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த நிலையில், மணற்படுகைக்குப் பணமில்லாத ஊர் ஒன்று ஓர் இளைஞர் கையில் ஒப்படைக்கப்பட்டது.

பணமில்லை என்று அறிக்கை எழுதிவிட்டுக் கலங்கல் நீரையே ஏற்றியிருந்தாலும் அவரைக் குறை கூறியிருப்பார் இலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. மணலைத் தொட்டியில் கொட்டப் பணமில்லையாயின், இயற்கையே கொட்டி வைத்திருக்கும் மணலைப் பயன்படுத்தலாகாதா என்று ஆராய்ந்தார். ஆற்றின் படுகை முழுவதும் மணலே. அப்படுகையில் கரையோரமாக வட்டமான கிணறு ஒன்றை வெட்டுவித்தார். ஆற்றுநீர் நேரே உட்புகாமல், மணலின் ஊடே மெல்ல ஊறி அக்கிணற்றுள் சேர்ந்தது. அவ்வாறு ஊறும் நீர் ஊருக்குப் போதுமான அளவில் கிடைக்கும்பொருட்டு, கிணற்றின் அடியிலிருந்து ஆற்றின் கீழாக ஒரு சுரங்க வழியும் அமைத்தார். தெளிந்து சேர்ந்த அந்நீரைப் பம்பு யந்திரத்தால் குன்றின்மேல் ஏற்றி ஊருக்குப் பகிர்ந்தளித்தார். 1895-ஆம் ஆண்டில் வேலை முடிவுற்றது.

இதன் நுட்பத்தை எளிதில் விளக்கலாம். மணலின் இடுக்குகள் வழியே நீர் மெல்லச் செல்லும்போது வண்டல் தங்கிவிடுகின்றது. அன்றியும், மணற்பரல்களின் மேல் கண்ணுக்குத் தோன்றாத உயிர்கள் பாசிபோல் படர்ந்து, நீரிலுள்ள கழிவுப் பொருள்களையும் நோய்க் கிருமிகளில் பெரும்பகுதியையும் பற்றி அழிக்கின்றன. நீர் எவ்வளவு மெதுவாக நடக்கின்றதோ அவ்வளவு தூய்மை பெறும். ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறிய நீரை மொண்டு குடிக்கும் வழக்கம் நம் நாட்டுப் பெண்மக்களுக்குப் புதிதன்று. வைகையிலும் பாலாற்றிலும் காலங்காலமாகக் கண்ட காட்சி அது. அந்த ஊற்றின் உண்மையையே விசுவேசுவரய்யா கணக்கோடும் யந்திரத்தோடும் இணைத்து ஒரு நகரத்துக்குப் போதுமானதாக்கினார் எனலாம். பிற்காலத்தில் நம் காவிரி, கொள்ளிடம், பாலாறு ஆகிய ஆறுகளின் படுகையில் கிணறுகள் இறக்கி ஊர்களுக்கு நீர் கொண்டுபோகும் திட்டங்களும் இத்தத்துவத்தையே அடியொற்றியவை.

பூனாவும் ஏடனும்

சுக்கூரில் பெற்ற பெயர் அவரை மேன்மேலும் நீர்ப்பணிக்கே இட்டுச் சென்றது. பூனா நகரத்துக்கும் அங்கிருந்த இராணுவ முகாமுக்கும் நீர் அளித்தது கடக்வாஸ்லா ஏரி. மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்து பெருநீர் வீணாகும், கோடையிலோ பற்றாக்குறை. அணையையே உயர்த்துவதென்றால் பெருஞ்செலவு. விசுவேசுவரய்யா, நீர் வழியும் கலிங்கின்மேல் தாமே இயங்கும் கதவுகளை அமைத்தார். நீர் ஒரு மட்டம் வரை ஏறும்போது அவை மூடியே நிற்கும். அதற்குமேல் வெள்ளம் வந்தால் தாமாகவே திறந்து வழிவிடும். வெள்ளம் தணிந்தவுடன் மீண்டும் மூடிக்கொள்ளும். இதனால் அணையை உயர்த்தாமலே ஏரியின் நீர்மட்டம் 8 அடி உயர்ந்தது. 1903-இல் அமைந்த அக்கதவுகளுக்கு உரிமைப் பணம் பெற அவருக்கு வழியிருந்தும், அரசாங்க ஊழியத்தின்போது கண்ட பொருளுக்குத் தனியே ஊதியம் கொள்ளுதல் தகாதென்று அதனை மறுத்தார்.

1906-ஆம் ஆண்டில் அவர் அரபு நாட்டுக் கடற்கரையிலுள்ள ஏடன் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். அந்நாளில் ஏடனும் பம்பாய் அரசாங்கத்தின் ஆட்சியில் இருந்தது. மழை காண்பதே அரிதான அவ்வூரில் கடல் நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்துவந்தனர்; அதற்கு ஆகும் நிலக்கரிச் செலவோ மிகுதி. விசுவேசுவரய்யா ஊருக்குள்ளே விடை தேடாமல் வடக்கே உள்நாட்டை ஆராய்ந்தார். மலைகளில் பெய்யும் மழை லாஹெஜ் பகுதியின் ஆற்றுப் படுகையில் மணலுக்குள் மறைந்து ஓடுவதைக் கண்டு, அங்கே கிணறுகள் இறக்கி நீரைச் சேர்த்து நகருக்குக் கொணரலாமெனத் திட்டம் வகுத்தார். நன்னீர் வரும் வழியோடு கழிவுநீர் போகும் வழியையும் சேர்த்தே வகுத்தது இங்கே கவனிக்கத்தக்கது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல், கொண்டுவந்த நன்னீர் நாளடைவில் ஊரின் கழிவாலேயே கெடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூசி நதியின் சீற்றம்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஹைதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி நதியில் பெருவெள்ளம் வந்தது. நகருக்கு மேலே அவ்வாற்றின் வடிநிலத்தில் இருந்த 700-க்கு மேற்பட்ட ஏரிகளில் 200-க்கு மேற்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, அந்நீரும் வெள்ளத்தோடு சேர்ந்தது. வீடுகள் சரிந்தன; ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். பம்பாய் அரசாங்கப் பணியினின்று அப்போதுதான் விலகியிருந்த விசுவேசுவரய்யாவை நிஜாம் அரசாங்கத்தார் அழைத்தனர்.

அவர் 1909-இல் அங்குச் சென்று ஆராய்ந்து கூறிய முடிவு யாது? கரைகளை உயர்த்துவது மட்டும் போதாது. நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் இரு பெரு நீர்த்தேக்கங்களைக் கட்டி, வெள்ளத்தை அங்கேயே தடுத்து நிறுத்தல் வேண்டும் என்பதாம். அவ்வாறே 1920-இல் உஸ்மான் சாகரமும் 1927-இல் ஹிமாயத் சாகரமும் எழுந்தன. நகரை அழித்த வெள்ளமே நகரின் குடிநீராகத் தேங்கி நின்றது. பல தலைமுறைகள் அந்நீரைக் குடித்து வளர்ந்தன. வீதிகளின் அடியே கழிவுநீர்க் குழாய் அமைப்பதற்கும் அவர் அங்கே திட்டம் வகுத்துக் கொடுத்தார்.

மைசூரில்

1909-ஆம் ஆண்டின் இறுதியில் தாய்நாட்டின் அழைப்பை ஏற்று மைசூர்ச் சமஸ்தானத்தின் தலைமை இஞ்சினீயரானார். 1911-இல் கிருஷ்ணராஜ சாகர வேலை தொடங்கிற்று. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்து, மைசூர்ச் சர்வகலாசாலையை 1916-இல் தோற்றுவித்தது முதலிய பல செயல்களைச் செய்தார். 1915-இல் சர் பட்டம் பெற்றார். அவையெல்லாம் பலரும் எழுதியவை, நாம் விரிக்கவில்லை. அவருடைய கருத்துக்கள் எல்லாம் எல்லோருக்கும் உடன்பாடாயிருந்தன என்றும் கூறுவதற்கில்லை. அரசாங்க உத்தியோகங்களில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மன்னர் விரும்பியபோது, தகுதி ஒன்றே அளவாதல் வேண்டுமென அவர் வேறுபட்டுப் பதவியினின்று நீங்கினார். கல்வியின் வாயிலே பலருக்கு மூடிக்கிடந்த நாட்டில் தகுதியை மட்டும் அளவாகக் கொள்ளல் நீதியாகுமா என்று வினவியோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

பதவி விட்ட பின்னரும் நீர்ப்பணி அவரை விட்டதில்லை. ஹைதராபாத் நகரின் கழிவுநீர்த் திட்டத்துக்கு மீண்டும் யோசனை கூறினார். வேறு பல நகரங்களும் அவர் ஆலோசனையைப் பெற்றன. தம் பணியின் வரலாற்றைத் தாமே எழுதி 1951-இல் வெளியிட்டார். நூறு ஆண்டுகள் நிறைந்த வாழ்வு வாழ்ந்து, 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெங்களூரில் காலமானார். பிறந்த ஊராகிய முத்தேனஹள்ளியிலேயே அவரது நினைவிடம் உள்ளது.

நாம் கற்பது யாது?

உலகில் இன்றும் 200 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குத் தூய குடிநீர் வீட்டில் வேண்டும்போது கிடைப்பதில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளர்ந்துவரும் நாடுகளின் ஏழை மக்கள். ஐக்கிய நாட்டு அவையினர் 1981 முதல் 1990 வரையிலான பத்தாண்டுகளைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் உரிய காலமாக வகுத்தனர். 2010-இல் தூய நீர் மனிதனது உரிமை என்று அறிவித்தனர். நல்ல எண்ணத்துக்கும் பொருளுதவிக்கும் குறைவில்லை. எனினும் எத்தனையோ ஊர்களில் திறப்பு விழா நடந்த கைப்பம்பு, ஒரு தோல்வளையம் தேய்ந்தமையால் சில ஆண்டுகளில் துருப்பிடித்து நிற்கின்றது. அந்த வளையத்தை மாற்றக் கற்றவர் ஊரில் இல்லை. அதனை வாங்க ஊரார் கையில் நிதியும் இல்லை. நீரைக் கொடுப்பது ஒரு நாட்செயல். நீர் நில்லாது வரச் செய்வது நெடுநாட்செயல்.

விசுவேசுவரய்யாவின் வாழ்வு இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நமக்கு விளக்குகின்றது. அவர் ஓர் ஊருக்குச் சென்றால் மூன்றனை முதலில் ஆராய்ந்தார் என்று அவர் செய்த வேலைகளினின்று நாம் ஊகிக்கின்றோம். இயற்கை அங்கே என்ன வைத்திருக்கின்றது? அவ்வூரார் பை எவ்வளவு தாங்கும்? நாம் சென்ற பிறகு இதனை யார் காப்பர்? சுக்கூரில் மணல் வடிகட்டிற்று. பூனாவில் வெள்ளமே கதவைத் திறந்து மூடிற்று. ஹைதராபாத்தில் அழிவே சேமிப்பாயிற்று. எங்கோ கண்ட நகலை இங்கே ஒட்டாமல், இருப்பதைக் கொண்டே நிலைப்பதை அவர் செய்தார்.

ஆனால் இஞ்சினீயர் ஒருவர் செய்யக்கூடியது பாதியே. மறுபாதி பின்வரும் மக்களின் கையில் உள்ளது. ஹைதராபாத்தின் இரு நீர்த்தேக்கங்களைக் காக்க, அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் மாசு விளைக்கும் தொழிற்சாலைகளையும் பெருங்கட்டடங்களையும் தடுத்து 1996-இல் அரசாணை பிறந்தது. நகரம் பெருகப் பெருக அத்தடையை நீக்கவேண்டும் என்னும் குரலும் பெருகிற்று. நம் பாலாற்றிலோ தோல் பதனிடும் சாலைகளின் கழிவு படிந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அதே 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பும் கிடைத்தது. மணல் கிருமியைத் தடுக்கும். கரைந்துவிட்ட உப்பையும் நஞ்சையும் தடுக்கமாட்டாது. அந்த மணலும் இன்று நிலைத்திருக்கின்றதா? வீடு கட்டும் பொருட்டு நம் ஆறுகளின் மணலை வண்டி வண்டியாக அள்ளிச் சென்றுவிட்டோம். அள்ளிய ஒவ்வொரு வண்டியும் ஏழை ஊரின் வடிகட்டும் தொட்டியிலிருந்து எடுத்ததேயாகும். இயற்கை இலவசமாகக் கட்டித்தந்த அத்தொட்டியை மீண்டும் கட்ட எந்த நகரசபைக்கும் பணம் போதாது.

ஆகவே, இஞ்சினீயர் கல்வி பயில விரும்பும் நம் மாணவர்கள் அணையின் உயரத்தை மட்டும் கண்டு வியவாது, சுக்கூர்க் கிணற்றின் ஆழத்தையும் எண்ணிப் பார்ப்பாராக. மற்றைத் தொழில்களை நாடுவோரும் ஊர்ச்சபையிலோ நகரசபையிலோ ஒரு நாள் அமரக்கூடும். ஆற்று மணலுக்கு ஏலம் கூறும் தாளும், குடிநீர்க் கிணற்றைப் பழுதுபார்க்கக் கோரும் தாளும் அன்று அவர்கள் மேசைமேல் அருகருகே கிடக்கும். எதில் முதலில் கையொப்பமிடுவது என்று தேர்வதில் ஊரின் உயிர் அடங்கியிருக்கின்றது என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.